ஜெர்மன் சங்கத்துக்கு ஒரு செயலாளர் தேவை!

நம்ம காலேஜில் ஒரு கிளப்பில் சேர என்ன தகுதி வேண்டும்? நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பேப்பரில் பேரை எழுதினால் போதும். சில கிளப்புக்கு அதுகூட வேண்டாம்... மீட்டிங்கில் சமோசா உண்டு என்கிற தகவலே போதும்!

ஆனால், அமெரிக்க காலேஜ்களில் ஒரு தனி ரகச் சங்கம் இருக்கிறது. 'நானும் வர்றேன்' என்று நாமாகப் போய்ச் சேர முடியாது. மார்க்கைப் பார்த்து அவர்கள்தான் கூப்பிட வேண்டும். பெயர், 'ஹானர் சொசைட்டி'. கிரேக்க எழுத்துகளைக் கோத்துப் பெயர் வைக்கும் வழக்கம், 1776-ல் வில்லியம் அண்ட் மேரி காலேஜில் பிறந்த 'ஃபை பீட்டா கப்பா'வில் இருந்து வருகிறது. இன்ஜினீயரிங் கூட்டத்துக்கு 'டாவ் பீட்டா பை' மாதிரி, ஜெர்மன் மொழி படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு 'டெல்டா ஃபை ஆல்ஃபா'. ஸ்கூல் பசங்களுக்கு 'டெல்டா எப்சிலான் ஃபை'. இது அமெரிக்க ஜெர்மன் ஆசிரியர் சங்கம் 1968-ல் ஆரம்பித்தது.

'நல்லா படிச்சவனுக்கு ஒரு சர்ட்டிஃபிகேட்... இதுல என்ன பெரிய மேட்டர்?' என்கிறீர்களா? ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக் போயிட்டு வந்துடலாம்.

பாடம் நடத்தினா அபராதம்!

1915-ல் அமெரிக்க ஹைஸ்கூல் மாணவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஜெர்மன் படித்தார். 1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் ஜெர்மனிக்கு எதிராக இறங்கியது. 'எதிரி நாட்டு பாஷையா? தூக்கி வெளியே போடு' என்று கிளம்பிவிட்டார்கள். புளிக்கவைத்த முட்டைகோஸான 'சவர்கிராட்'டுக்குக்கூட 'லிபர்ட்டி கேபேஜ்' என்று பேரை மாற்றினார்கள் என்றால் பார்த்துக்கோங்க! 1922-ல் ஜெர்மன் படித்த ஹைஸ்கூல் மாணவர்கள் நூற்றுக்கு ஒருத்தர்கூட இல்லை.

நெப்ராஸ்கா மாநிலத்தில் 1919-ல் ஒரு சட்டமே வந்தது. எட்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தவிர வேறு பேச்சுமொழி எதையும் கற்றுத்தரக் கூடாது. ராபர்ட் மேயர் என்கிற ஆசிரியர், 1920 மே மாதம் ஒரு 10 வயதுப் பையனுக்கு ஜெர்மன் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். வந்தது கேஸ். 25 டாலர் அபராதம். மனுஷன் விடவில்லை. சுப்ரீம் கோர்ட் வரை போனது வழக்கு. 1923 ஜூன் 4-ம் தேதி, ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் நீதிபதிகள் அந்தத் தண்டனையை ரத்து செய்தார்கள்.

அதற்கு அடுத்த வருஷம், 1924-ல், தெற்கு கரோலினாவின் வாஃபோர்ட் காலேஜில் ஜெர்மன் மாணவர்களின் சின்ன மன்றம் ஒன்று ஆரம்பமானது. அதுதான் 1929-ல் 'டெல்டா ஃபை ஆல்ஃபா' என்ற தேசிய சங்கமாக வளர்ந்தது. கொஞ்ச வருஷம் முன்பு வரை ஜெர்மன் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தாலே முறைத்த நாட்டில், 'இந்தப் பையன் ஜெர்மனை நல்லா படிச்சவன்' என்று நாலு பேர் முன்னால் நிறுத்திக் கைதட்டுவது சாதாரண விஷயமா? 'ஹானர்' என்ற வார்த்தைக்கு அங்கே எக்ஸ்ட்ரா வெயிட் இருக்கத்தான் செய்கிறது.

வண்டி எப்படி ஓடுது?

ஒவ்வொரு காலேஜிலும் இருக்கிற கிளைக்கு 'சாப்டர்' என்று பேர். ஜெர்மன் டிபார்ட்மென்ட் பேராசிரியர் ஒருவர் ஆலோசகர். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் மாணவர்கள்தான். யாருக்கெல்லாம் தகுதி இருக்கிறது என்று மதிப்பெண் பார்த்து லிஸ்ட் எடுப்பது, அழைப்புக் கடிதம் அனுப்புவது, கட்டணத்தை வசூலித்து தேசிய அமைப்புக்குக் கட்டுவது, சர்ட்டிஃபிகேட் வரவழைப்பது, சேர்ப்பு விழா நடத்துவது... இதுதான் வருஷாந்திர வேலை. பட்டமளிப்பு நாளில் கறுப்பு, சிவப்பு, தங்க நிறக் கயிற்றை கவுன் மேலே போட்டுக்கொண்டு கெத்தாக நிற்கலாம். ஜெர்மன் கொடியின் நிறங்கள் ஆச்சே!

கேட்க ஈஸியாக இருக்கிறதா? இங்கேதான் ட்விஸ்ட். உறுப்பினராக வேண்டும் என்றால் குறைந்தது ரெண்டு வருஷ காலேஜ் ஜெர்மன், இல்லை அதற்குச் சமமான படிப்பு முடித்திருக்க வேண்டும். காலேஜுக்கு வந்த பிறகு 'ஆ... பே... ட்சே...' என்று எழுத்தில் இருந்து தொடங்கியவர் உள்ளே வருவதற்குள் மூன்றாம் வருஷம் ஆகிவிடும். நாலாம் வருஷம் முடிந்ததும் டாட்டா! அதாவது, சங்கத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் லேட்டாக வந்து சீக்கிரம் கிளம்புகிறவர்கள். செயலாளர் ஃபைலைப் புரிந்துகொள்ளும்போதே அவருக்குக் கடைசி செமஸ்டர் வந்துவிடும். அவர் ஒரு ஜூனியரைப் பிடித்து, 'இதுதான் லிஸ்ட், இதுதான் பாஸ்வேர்ட், இந்தத் தேதிக்குள்ள பணம் கட்டணும்' என்று சொல்லிவிட்டுப் போகாவிட்டால், அடுத்த வருஷம் சாப்டர் படுத்துவிடும். யாரும் அதை மூடத் தேவையில்லை. யாரும் திறக்கவில்லை என்றாலே போதும், அதுவே மூடிக்கொள்ளும்!

ஆளே இல்லாத கடையில யாருக்கு டீ?

இந்த நேரத்தில் இன்னொரு இடி. அமெரிக்க உயர்கல்வியில் வெளிநாட்டு மொழி படிக்கிறவர்களை 'மாடர்ன் லாங்வேஜ் அசோசியேஷன்' அவ்வப்போது கணக்கெடுக்கிறது. 2016-ல் இருந்து 2021-க்குள் எல்லா வெளிநாட்டு மொழிகளும் சேர்ந்து 16.6 சதவிகித மாணவர்களை இழந்தன. ஜெர்மனுக்கு மட்டும் 33.6 சதவிகிதம் அவுட். மூன்று பேர் இருந்த இடத்தில் இப்போது ரெண்டு பேர். அதே காலத்தில் கொரிய மொழி 38.3 சதவிகிதம் ஏறியது. கே-பாப் புண்ணியம் கொஞ்சம் இருக்கும்!

மாணவர்கள் குறைந்தால் டிபார்ட்மென்ட் மேலேயே கத்தி விழும். 2023-ல் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகம், செலவைக் குறைக்கிறோம் என்று உலக மொழிகள் துறையையே மொத்தமாக மூடப்போவதாக அறிவித்தது. அந்த ஆகஸ்ட்டில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்து கோஷம் போட்டார்கள். செப்டம்பரில் வந்த இறுதி முடிவு, ஸ்பானிஷ், சீன மொழி வகுப்புகளுக்கு மட்டும் கொஞ்சம் இடம் கொடுத்தது. ஜெர்மன் மேஜர் போனது போனதுதான்.

இப்போது செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்து யோசியுங்கள். தகுதி மார்க்கை உயர்த்திப் பிடித்தால், உள்ளே வர ஆள் இல்லை. இறக்கிவிட்டால், அப்புறம் அது என்ன ஹானர்? எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி.

வாசல்ல நில்லுங்க பாஸ்!

எனக்குத் தெரிந்து இதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. தகுதியில் கை வைக்கக் கூடாது. ஆனால், உழைப்பை எல்லாம் மேலே இருக்கிறவர்களுக்கே செலவழிக்காமல், கீழே இப்போதுதான் நுழைகிற முதல் செமஸ்டர் பசங்களிடம் கொண்டுபோக வேண்டும். ரெண்டு வருஷம் கழித்து உறுப்பினராகப் போகிறவர் இன்றைக்கு 'டெர், டீ, டாஸ்' மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, 'மேஜைக்கு ஏன் ஆண்பால்? பொண்ணு ஏன் அஃறிணை?' என்று முழித்துக்கொண்டு இருப்பார். கோர்ஸை டிராப் செய்யலாமா என்று அவர் யோசிக்கிற அந்த வாரம்தான் சங்கத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிற வாரம். அப்போது ஒரு சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து, 'எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, விடு... சேர்ந்து பார்க்கலாம்' என்று சொன்னால் போதும். ஒரு ஆள் மிச்சம்!

அமெரிக்க ஜெர்மன் டிபார்ட்மென்ட்களில் இதற்கான வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. 'காஃபேஷ்டுண்டே' என்று காபி குடித்தபடி ஜெர்மனிலேயே பேசும் ஒரு மணி நேரம். 'ஷ்டாம்டிஷ்' என்று வாராவாரம் ஒரே மேஜையில் கூடும் அரட்டைக் கச்சேரி. சினிமா மாலைகள். டிசம்பர் 6, புனித நிக்கோலஸ் தினத்துக்கு சாக்லேட். தப்பும் தவறுமாகப் பேசினாலும் யாரும் மார்க் போடாத இடங்கள் இவை. சர்ட்டிஃபிகேட் தருகிற விழா வருஷத்துக்கு ஒருமுறை. அந்த விழாவுக்கு ஆள் தயாராவது இந்த மேஜைகளில்தான்.

இது நமக்கும் சேர்த்துத்தான். ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் நம்பர் ஒன். 2023-24 குளிர்கால செமஸ்டரில் 49,000 பேருக்கு மேல்! எம்.எஸ். கனவோடு சென்னை மேக்ஸ்முல்லர் பவனுக்கோ, வேறு கிளாஸுக்கோ போகிற ஒருத்தராவது உங்கள் பெஞ்சிலேயே இருப்பார். ஏ1, ஏ2, பி1 என்று படி ஏறி, சர்ட்டிஃபிகேட்டை லேமினேட் செய்து ஃபைலில் வைத்துவிட்டால் கதை முடிந்தது. பி1 முடித்த சீனியரும், ஏ1-ல் தடுமாறும் ஜூனியரும் ஒரே கேன்டீனில்தான் டீ குடிக்கிறார்கள். ரெண்டு பேரையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவர கிரேக்க எழுத்தும் வேண்டாம், பிரின்சிபால் கையெழுத்தும் வேண்டாம். கிழமையும் நேரமும் சொல்லி ஒரு எஸ்.எம்.எஸ். தட்டிவிட ஒரு ஆள் போதும்.

ஒரு மேஜை, வாரம் ஒரு மணி நேரம். ஆரம்பிக்கிறவர் ஒன்றே ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது... முதல் மீட்டிங்கிலேயே கேட்டுவிடுங்கள், 'அடுத்த வருஷம் யாருப்பா செயலாளர்?'