ஊரில் யாருக்கும் இல்லாத பெயர்



போன தவணை எங்கள் வகுப்புப் பிள்ளையொன்று ஒரு கிழமையாகப் பாடசாலைக்கு வரவில்லை. விசாரித்தால், மத்ரஸாவில் யாரோ அவளுடைய பெயரை அறபில் எழுதிக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டோம். அறபில் அது ஒரு பெண்ணைக் கேவலப்படுத்தும் சொல். வாப்பாவுக்குத் தெரியாது. போனில் தேடியபோது ‘அழகிய மலர்’ என்று போட்டிருந்ததாம். ஊரில் வேறு யாருக்கும் இல்லாத பெயராம்.

இந்த ‘யாருக்கும் இல்லாத பெயர்’ வியாதியைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

எங்கள் இடாப்பைப் பாருங்கள். ரிஃப்னா, ஷிஃப்னா, ஹிஃப்னா, சிஃப்னா. புதுமை தேடிப் போய் எல்லாரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறோம். கருத்துக் கேட்டால் உம்மாவின் பெயரில் பாதி, வாப்பாவின் பெயரில் பாதி. (முன்னால் இருக்கிற பாத்திமா வெறும் ‘எஃப்’ ஆகிவிட்டது.) அதையாவது விடலாம், யாரையும் நோகடிக்காது.

“குர்ஆனில் இருக்கிற சொல்தானே” என்கிறார்கள். குர்ஆனில் ஃபிர்அவ்னும் இருக்கிறான். ‘அன்அம்த’ என்று ஒவ்வொரு ரக்அத்திலும் சூரத்துல் பாத்திஹாவில் ஓதுகிறோமே, அது ‘நீ அருள் புரிந்தாய்’ என்று அல்லாஹ்விடம் சொல்கிற வினைச்சொல். அதைப் பிள்ளைக்கு ‘அனம்தா’ என்று வைத்தால் யார் யாருக்கு அருள் புரிந்தது?

எழுத்தும் நமக்குக் கைகொடுக்காது. தமிழில் ஆஸியா என்று எழுதுகிறோம். அறபில் அலிஃபும் ஸீனும் போட்டால் ஃபிர்அவ்னின் மனைவி, ஈமானுக்காக வதைபட்டவர். ஐனும் ஸாதும் போட்டால் ‘மாறு செய்பவள்’. இந்த இரண்டாவது பெயர் உமர் (ரழி) அவர்களின் மகளுக்கு இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதை ஜமீலா என்று மாற்றினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மாற்றினார்கள், சிரிக்கவில்லை. மத்ரஸாவில் சிரித்தவர்கள் இதையும் ஓதியிருப்பார்கள்தானே?

அறபுதான் வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பர்வீன், நஸ்ரீன் இரண்டும் பாரசீகம்: ஒன்று கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், மற்றது காட்டு ரோசா. நம் மூத்தம்மாமாரின் ‘பீவி’யும் பாரசீகம்தான். அரிதான பெயர்தான் வேண்டுமா? ருமைஸா: அனஸ் (ரழி) அவர்களின் தாய், அபூதல்ஹா இஸ்லாத்தை ஏற்றதையே மஹராக ஏற்றுக்கொண்டவர். நுஸைபா: உஹுதில் வாளெடுத்து நின்றவர். ஷிஃபா: ஹஃப்ஸா (ரழி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர். எங்களைப் போல ஒரு டீச்சர்! மூன்றில் ஒன்றுகூட எங்கள் இடாப்பில் இல்லை.

பிறப்பைப் பதிய 42 நாள் தருகிறார்கள். அறபு தெரிந்த ஒருவரிடம் ஒரு தரம் கேட்க அது போதாதா?

அந்தப் பிள்ளை திரும்ப வந்துவிட்டாள். பெயரை மாற்ற வாப்பா விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். ஓ.எல். விண்ணப்பம் அனுப்ப முதல் புதுப் பெயர் கைக்கு வர வேண்டும். அதுவரை வகுப்பில் அவளை ‘மகள்’ என்றுதான் கூப்பிடுகிறோம்.