எல்லா மஞ்சள் காமாலைக்கும் கீழாநெல்லி போதுமா?

எங்க வடசென்னைப் பக்கம் மஞ்சள் காமாலை என்றால் யாரும் பெரிதாகப் பதறுவதில்லை. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலப்பது ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் பழைய புகார். கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் குடி, எண்ணெயை நிறுத்து, பத்தியம் இரு... அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகியும் விடுகிறது. தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் பொதுவாகத் தானாகவே அடங்கக்கூடியவை (கர்ப்பிணிகளுக்கு ஈ வகை ஆபத்து, அது தனிக் கதை). பெயர் மட்டும் கீழாநெல்லிக்குப் போய்விடும்.

கீழாநெல்லியைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து, ஹெபடைடிஸ் பி-க்கு அதைச் சோதித்து 1988-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. எப்படியானாலும் அது வைரஸ் சமாச்சாரம். நான் சொல்ல வருவது குழாய் அடைப்பு.

கல்லீரலில் இருந்து வரும் பித்தக் குழாயும் கணையத்தின் குழாயும் முன்சிறுகுடலின் சுவரில் ஒரு சின்ன மொட்டு மாதிரி இடத்தில் வந்து திறக்கின்றன. 1720-இல் இதை விவரித்த ஜெர்மன்காரர் ஆப்ரஹாம் ஃபாட்டர் பெயரில்தான் இது வழங்குகிறது (நம் ஊரில் 'வாட்டர்' என்பார்கள், தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!). அந்த வாயைத் திறந்து மூடும் தசையை 1887-இல் விவரித்த ருஜெரோ ஒட்டி அப்போது ஒரு மருத்துவ மாணவர். நாமும் இருக்கிறோமே...

இந்த இடத்தில் ஒரு கட்டி வளர்ந்தால் பித்தம் குடலுக்கு வராமல் தேங்கும். சிறுநீர் கடும் மஞ்சளாகும், மலம் வெளுத்து களிமண் நிறமாகும், உடம்பெல்லாம் அரிக்கும். பல நேரம் வலியோ காய்ச்சலோ இருக்காது. வலி இல்லையே என்றுதான் நாமும் அலட்சியமாக இருக்கிறோம்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. இந்தக் கட்டியின் மேல்பகுதி சில சமயம் தானாக உதிரும். அடைப்பு கொஞ்சம் விலகி மஞ்சளும் குறையும். அந்த நேரத்தில் கீழாநெல்லி குடித்துக்கொண்டிருந்தால்? "பார்த்தியா, மருந்து வேலை செய்யுது!" திரும்ப மஞ்சள் ஏறும், திரும்பப் பத்தியம். கட்டி பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும்.

முன்பெல்லாம் இதற்குப் பெரிய அறுவைதான். நியூயார்க்கில் விப்பிள் 1935-இல் வெளியிட்ட அறுவை, கணையத்தின் தலைப்பகுதியையும் முன்சிறுகுடலையும் சேர்த்தே எடுப்பது. புற்று என்று உறுதியானால் இன்றும் பெரும்பாலும் அதே வழிதான். ஆனால் 1974-இல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் எண்டோஸ்கோபி வழியாக அந்த வாயைக் கீறித் திறந்து காட்டினார்கள். 1980-களில் அதே வழியில் கட்டியையே எடுக்கத் தொடங்கினார்கள். பக்கவாட்டில் பார்க்கும் கண்ணுள்ள குழாயை வாய் வழியே இறக்கி, கம்பிச் சுருக்கு போட்டு, மின்சாரத்தால் அறுத்து எடுப்பது. வயிற்றில் தையல் இல்லை. (சாதாரண எண்டோஸ்கோபிக் குழாய் நேராகப் பார்ப்பது. சுவரோரம் இருக்கும் இந்த மொட்டு அதில் தப்பிவிடக்கூடும்.)

இதைக் கேட்டு 'ஆபரேஷனே வேண்டாம்' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இந்த வழி புற்றாக மாறாத கட்டிக்கு, குழாய்க்குள் அதிகம் புகாத கட்டிக்குத்தான் பொருந்தும். முன்கூட்டி எடுக்கும் சதைத் துணுக்கில் புற்று அகப்படாமல் போவதும் உண்டு. ரத்தக்கசிவு, குடலில் ஓட்டை, கணைய வீக்கம் எல்லாம் வரலாம். கணையம் வீங்காமலிருக்க அதன் குழாயில் தற்காலிகமாக ஒரு ஸ்டென்ட் வைப்பார்கள். கட்டி மறுபடி முளைக்கலாம் என்பதால் சில வருடங்களுக்கு அவ்வப்போது போய்க் குழாயை விட்டுப் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் தினக்கூலிக்கு மூட்டை தூக்குகிறவருக்கு ஒவ்வொரு முறையும் அது ஒரு நாள் சம்பளம்! 'ஒரே நாளில் வீட்டுக்குப் போகலாம்' என்று விளம்பரம் செய்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, புற்றாகவே இருந்தால் சீக்கிரம் போய் என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் இருக்கிறது. இந்த இடத்துப் புற்று அறுவைக்குப் பின், கணையத் தலைப் புற்றை விட நன்றாகவே பிழைக்க வைக்கிறது. வழியை அடைத்து மஞ்சளைக் காட்டிவிடுவதால் பல நேரம் சின்னதாக இருக்கும்போதே அகப்படுகிறது என்பது ஒரு காரணம். உடம்பே கொடுக்கும் எச்சரிக்கை அது. அதைப் பத்தியத்தில் கழித்தால், தேங்கிய பித்தத்தில் கிருமி தொற்றும். வைட்டமின் கே உடம்பில் சேராமல் ரத்தம் உறைவதும் கெடும். பிறகு எந்தச் சிகிச்சையும் கூடுதல் ஆபத்தோடுதான்.

இத்தனைக்கும் நமக்கு ஆஸ்பத்திரி தூரமில்லை. 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று நம் பாட்டிமார் சொல்லும் ஸ்டான்லி பழைய ஜெயில் ரோட்டில்தான் இருக்கிறது. 2009-இல் கல்லீரல் மாற்று அறுவையே நடந்த அரசு ஆஸ்பத்திரி அது. எண்ணூரில் இருப்பவரும் விம்கோ நகர் வந்தால் மெட்ரோவிலேயே அந்தப் பக்கம் போய்விடலாம்.

பச்சிலை கொடுப்பவர்களை விரட்டச் சொல்லும் கட்சியில் நான் இல்லை. ஜனங்கள் முதலில் போவது அவர்களிடம்தான். அவர்களையே சேர்த்துக்கொள்வோம் என்கிறேன். நாற்பதைத் தாண்டியவர் காமாலையோடு வந்தால் மலம் என்ன நிறம், உடம்பு அரிக்கிறதா, இரண்டு வாரம் ஆகிவிட்டதா என்று மூன்று கேள்வி கேட்கட்டும். ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும், மலம் வெளுத்திருந்தாலும், பச்சிலையைக் கொடுக்கும் கையோடு "வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்துட்டு வா" என்று அனுப்பட்டும். மாநகராட்சி சுகாதார நிலையத்துக்காரர்கள் நேரில் போய் இதை அவர்களுக்குச் சொல்லித் தரலாம், அரை மணி நேர வேலை.