கல்யாணத்துக்குச் சாட்சி யார்?

2025 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கக் குடியேற்றத் துறை தன் கையேட்டில் புதிய வழிகாட்டுதல்களைச் சேர்த்தது. குடும்ப உறவின் பேரில் வரும் மனுக்களை, குறிப்பாகக் கணவன் மனைவி மனுக்களை, இன்னும் கடுமையாகச் சலித்துப் பார்க்க வேண்டும் என்கிறது அது. அங்கே தங்கியிருப்பவருக்கு வேறு சட்டத் தகுதி இல்லையென்றால், அவரை வெளியேற்றும் நடவடிக்கையையே தொடங்கலாமாம். பொய்யான திருமணங்களைப் பிடிக்க இது தேவை என்று காரணம் சொல்லப்படுகிறது. இந்தக் காரணத்தின் யோக்கியதையைச் சற்றுத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் குடியேற்ற விசாவுக்கான நேர்காணல் பெரும்பாலும் மும்பையில் நடக்கிறது. மதுரையிலோ நாமக்கல்லிலோ மணமான ஒரு பெண் அதற்குத் தயாராவதைப் பார்த்தால் பிளஸ் டூ பொதுத்தேர்வு நினைவுக்கு வரும். கணவர் வேலை பார்க்கும் கம்பெனி எது, சம்பளம் எவ்வளவு, முதலில் பெண் பார்க்க யார் யார் வந்தார்கள், மாமியாரின் சொந்த ஊர் எது என்று கேள்வியும் பதிலுமாக மனப்பாடம் நடக்கிறது. கோப்பில் பதிவுச் சான்றிதழ், அழைப்பிதழ், ஆல்பத்திலிருந்து பொறுக்கிய படங்கள், விமானச் சீட்டுகள், கட்டுக் கட்டாக வாட்ஸ்அப் உரையாடல்கள். கணவனும் மனைவியும் இரவில் தமக்குள் பேசிக்கொண்டதை அச்செடுத்து, தேதி வாரியாக அடுக்கி, முன்பின் தெரியாத அதிகாரியிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த அவமானத்தை யாரும் அவமானமாகவே பேசுவதில்லை. விசா கிடைத்தால் போதும் என்று விழுங்கிவிடுகிறார்கள்.

கேட்கப்படும் ஆதாரங்களில் முதலிடம் கூட்டு வங்கிக் கணக்குக்கும், இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தத்துக்கும். லீவு கிடைத்த இரண்டு மூன்று வாரத்தில் நிச்சயம், கல்யாணம், மறுவீடு எல்லாம் முடித்து விமானம் ஏறிவிடும் மாப்பிள்ளையின் மனைவி வாடகை ஒப்பந்தத்துக்கு எங்கே போவாள்? சேர்ந்து வாழ்வதற்காகத்தானே அவள் விசாவே கேட்கிறாள்!

இது அமெரிக்காவின் குணம் மட்டுமல்ல. கனடா குடியேற்ற அதிகாரிகளுக்கான பயிற்சிக் குறிப்பு ஒன்று 2015-இல் வெளியே வந்து பெரும் சர்ச்சையானது. சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள் என்று அதில் இருந்தவற்றைப் பாருங்கள்: படங்களில் மணமக்கள் உதட்டில் முத்தமிட்டுக்கொள்ளவில்லை, திருமணத்துக்குச் சிறு கூட்டமே வந்திருக்கிறது, தேனிலவுக்குப் போகவில்லை. இந்த அளவுகோலை வைத்தால் தமிழ்நாட்டில் நடந்த கோடிக்கணக்கான திருமணங்கள் போலி. அம்மா அப்பா, தாத்தா பாட்டி, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் உதட்டில் முத்தமிடும் மணமகன் எத்தனை பேர்? நான்கு நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்ளும் சுயமரியாதைத் திருமணத்தை 1967-இல் அண்ணா ஆட்சி சட்டபூர்வமாக்கியது. அதன் பெருமையே எளிமைதான். கனடா அதிகாரியின் தாளில் அந்த எளிமை சந்தேகத்துக்குரிய குறியாகிவிட்டது. டொராண்டோவில் இத்தனை தமிழர்கள் வாழ்ந்தும், யாழ்ப்பாணத்திலிருந்து மணமாகிப் போகும் பெண்ணை அளக்க வைத்திருந்த கோல் இது.

எங்கள் ஊர்க் கல்யாணத்தில் மொய் நோட்டு என்று ஒன்று உண்டு. வந்தவர் பெயர், ஊர், வைத்த தொகை எல்லாம் பக்கம் பக்கமாக அதில் இருக்கும். நாளை திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் யாரும் பொய் எழுத மாட்டார்கள். ஒரு திருமணம் ஊரறிய நடந்ததற்கு இதைவிட நேர்மையான ஆவணம் கிடையாது. அதைக் கேட்கத் தெரிந்த விசா அதிகாரி யார்?

அமெரிக்காவின் இந்தச் சந்தேகத்துக்கு ஆணிவேர் ஓர் எண். 30 சதவீதம். 1985-இல் அமெரிக்க செனட் குழுவின் முன் அன்றைய குடியேற்றத் துறைத் தலைவர் ஆலன் நெல்சன், திருமணத்தின் பேரில் வரும் மனுக்களில் ஏறக்குறைய 30 சதவீதம் மோசடி என்று சாட்சியம் சொன்னார். துறையே நடத்திய ஆய்வு அது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் 1986-இல் திருமண மோசடித் தடுப்புச் சட்டம் வந்தது. பிறகு வழக்கென்று வந்தபோது சாயம் வெளுத்தது. அந்த ஆய்வு எண்ணியது நிரூபணமான மோசடிகளை அல்ல; அதிகாரிகளுக்குச் சந்தேகம் தோன்றிய மனுக்களை. 1990-இல் வட கரோலினாவில் மன்வானி என்பவரின் வழக்கு நடந்தபோது அந்த எண் நிற்காது என்பது அம்பலமாகிவிட்டது. எண் செத்துப்போனது, சட்டம் உயிரோடு இருக்கிறது. சந்தேகத்தை எண்ணிக் குற்றமாக்கிய அதே மனப்பான்மை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மும்பை நேர்காணல் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சட்டத்திலேயே தேவைக்கு அதிகமான காவல் இருக்கிறது. மணமாகி இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு நிபந்தனையோடுதான் கிரீன் கார்டு. இரண்டு ஆண்டு முடியும் முன் இருவரும் சேர்ந்து மனுப் போட்டு, சேர்ந்து வாழ்வதை நிரூபிக்க வேண்டும். மோசடி செய்தவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம். மோசடித் திருமணம் என்று ஒருமுறை முடிவாகிவிட்டால், பிறகு எந்த உறவின் பேரில் மனுப் போட்டாலும் தேறாது. இத்தனைக்கும் பிறகு வாசலில் எதற்கு ஒரு விசாரணை?

வாசலில் தவறு நடந்தால் தட்டிக் கேட்கவும் வழியில்லை. லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த அமெரிக்கக் குடிமகள் சாண்ட்ரா முன்யோஸ் எல் சால்வடோர் நாட்டவரை 2010-இல் மணந்தார். 2015-இல் கணவருக்கு விசா மறுக்கப்பட்டது. அவர் உடம்பிலிருந்த பச்சை குத்தல்களை வைத்து ரவுடிக் கும்பலோடு தொடர்பு என்று சந்தேகித்தார்கள் என்பதே வழக்கு நடந்தபோதுதான் தெரிந்தது. அவர்கள் திருமணம் உண்மையா என்ற கேள்வி அங்கே எழவேயில்லை. ஆனாலும் 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கணவரை நாட்டுக்குள் அழைத்துக்கொள்வது மனைவியின் அடிப்படை உரிமை ஆகாது என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உண்மையான திருமணத்துக்கே கதி இதுவென்றால், பதற்றத்தில் மாமியாரின் ஊரை மாற்றிச் சொல்லிவிட்ட பெண்ணின் கதி என்ன?

போலித் திருமணங்கள் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கின்றன. போலிக் கம்பெனிகளும்தான் இருக்கின்றன. அதற்காக எந்த முதலாளியின் படுக்கையறைப் பேச்சையும் யாரும் அச்செடுத்துக் கேட்பதில்லை. தொழில்முறைத் தரகர் தயார்செய்யும் போலி ஜோடி எல்லாக் கேள்விக்கும் பதிலை ஒப்பித்துவிடும். திணறி நிற்பது உண்மையான புதுமணப் பெண்தான். இந்தப் பக்கத்து உண்மையான மோசடி மணமுடித்துக் கைவிட்டுப் போகும் வெளிநாட்டு மாப்பிள்ளைகளுடையது. அதைத் தடுக்க 2019-இல் மாநிலங்களவையில் அறிமுகமான திருமணப் பதிவு மசோதா சட்டமாகவே இல்லை. அது பற்றி எந்த நேர்காணலிலும் கேள்வி கிடையாது.

பிரிட்டன் 1980 முதல் ‘முதன்மை நோக்கம்’ என்றொரு விதி வைத்திருந்தது. குடியேறுவதற்காக மணக்கவில்லை என்று மணமகனே நிரூபிக்க வேண்டும். துணைக்கண்டத்து இளைஞர்கள் ஏராளமானோர் அதில் அடிபட்டார்கள். 1997-இல் லேபர் கட்சி ஆட்சிக்கு வந்ததும் முதல் வேலைகளில் ஒன்றாக அதை எடுத்தெறிந்தது. குடி ஒன்றும் முழுகிப்போகவில்லை.

அமெரிக்காவும் அதைச் செய்யலாம். பதிவுச் சான்றிதழை ஏற்று முதல் விசாவைக் கொடுக்கட்டும். சோதனையை இரண்டு ஆண்டு கழித்து, அவர்கள் வாழும் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரட்டும், மேல்முறையீட்டுக்கு வழி விடட்டும். தொழில்நுட்ப வல்லுநர்களின் விசாவுக்காக வாஷிங்டனில் வாதாடும் இந்திய வெளியுறவு அமைச்சகம் இந்த மனைவிமார்களுக்காகவும் ஒருமுறை வாய்திறக்க வேண்டும். அதுவரை, தமிழ்நாட்டில் மணமுடிப்போர் 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்துவிடுங்கள். மொய் நோட்டையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.