மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027: ஆம்பூர் தோல் வட்டாரத்து வீடுசார் தொழிலாளர்களை முறையாகப் பதிவு செய்யவும் விவரங்களை வெளியிடவும் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள்,
வீட்டில் ஷூ அப்பர் தைப்போர் மற்றும் தோல் தொழிலாளர்களின் சங்கம்,
ஆம்பூர், திருப்பத்தூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் மற்றும் முதன்மை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலர் அவர்கள்,
திருப்பத்தூர் மாவட்டம்.

நகல்: மாவட்ட ஆட்சியர்கள், வேலூர் மற்றும் ராணிப்பேட்டை, இயக்குநர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இயக்குநரகம், சென்னை, பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை, சென்னை, தொழிலாளர் ஆணையர், சென்னை.

பொருள்: தோல், காலணித் தொழிலாளர் பற்றிய கணக்கெடுப்பு விவரங்களைச் சரியாகத் திரட்டி, வார்டு மற்றும் கிராம அளவில் வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இந்திய அரசின் 16.06.2025 நாளிட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2011 கணக்கெடுப்பின்போது ஆம்பூர் நகராட்சியில் 1,14,608 பேர் இருந்தோம். அவர்களில் எத்தனை பேர் தோலையும் ஷூவையும் நம்பிப் பிழைத்தார்கள் என்று கேட்டால் அந்தக் கணக்கெடுப்பின் வார்டு அட்டவணையில் பதில் இல்லை. டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் பெயர்போன ஊர் இது. அட்டவணையில் மட்டும் அந்தத் தொழிலைக் காணோம். இந்த மனுவில் நாங்கள் நிதியோ புதுத் திட்டமோ கேட்கவில்லை. எங்கள் உழைப்பு அதன் பெயரிலேயே பதிவாக வேண்டும். பதிவானது நாங்கள் எடுத்துப் படிக்கும்படி வெளிவர வேண்டும். கேட்பது இவ்வளவுதான்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். 1991 வரை கணக்கெடுப்பின் முதனிலைச் சுருக்கம் உழைப்பாளர்களை ஒன்பது வகையாகப் பிரித்துக் காட்டியது. வீட்டுத் தொழில் தனியாக, மற்ற உற்பத்தித் தொழில் தனியாக, வணிகம் தனியாக இருந்தன. 2001 முதல் நான்கே வகைதான்: பயிரிடுவோர், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர், பிற உழைப்பாளர். டேனரியில் ட்ரம்முக்குத் தோல் ஏற்றுகிறவரும், கம்பெனியில் கட்டிங் போடுகிறவரும், பள்ளி ஆசிரியரும், டீக்கடைக்காரரும் 'பிற உழைப்பாளர்' என்ற ஒரே கட்டத்தில் அடைபட்டார்கள். தொழில்வாரி விவரம் பி வரிசை அட்டவணைகளில் உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். தேசியத் தொழில் வகைப்பாடு 2008-இல் 15-ஆம் பிரிவு தோல் தொழில். அதில் 151 பதனிடுதலும் பை, பெட்டி வகைகளும், 152 காலணி. ஆனால் அந்த அட்டவணைகள் மாவட்ட அளவில் வருபவை. 2011-இல் அந்த மாவட்டம் என்பது அரக்கோணத்திலிருந்து திருப்பத்தூர் வரை 39,36,331 பேர் வாழ்ந்த பழைய வேலூர். அதற்குள் துத்திப்பட்டையோ மின்னூரையோ எங்கே தேடுவது?

அட்டவணைக்கு முன்பே, வாசற்படியிலேயே நடக்கிற இழப்பு இதைவிடப் பெரிது. கணக்கெடுப்பாளர் வந்து குடும்பத் தலைவரைக் கேட்கிறார். "வீட்டம்மா என்ன பண்றாங்க?" "வீட்டுலதான் இருக்காங்க." வீட்டுக் கடமைகள் என்ற குறியீடு விழுந்துவிடுகிறது. உள்ளே அந்த அம்மா, ஏஜென்ட் காலையில் போட்டுவிட்டுப் போன மூட்டையைப் பிரித்து, ஊசியும் நூலுமாக அப்பர் தைத்துக்கொண்டிருப்பார். ஜோடிக் கணக்கில் கூலி. ஆர்டர் இருக்கும் மாதம் இரவு வரை வேலை, இல்லாத மாதம் ஒன்றுமில்லை. ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறைவாக உழைத்தவர் குறு உழைப்பாளர் என்பது கணக்கெடுப்பின் விதி. தப்பித் தவறிப் பதிவானாலும் எங்களில் பலர் அந்தப் பத்தியில்தான் போய் நிற்கிறோம்.

வீட்டுத் தொழில் என்பதற்கான விளக்கமும் எங்களுக்குப் பொருந்தி வரவில்லை. நகரத்தில் அது வீட்டு எல்லைக்குள் நடக்க வேண்டும். கிராமத்தில் ஊருக்குள் எங்கு நடந்தாலும் சரி. ஆம்பூர் நகருக்குள் பக்கத்து வீட்டுத் திண்ணையில் நாலு பேரோடு உட்கார்ந்து தைக்கும் அக்கா ஒரு வகை, கிராமத்தில் அதே போல் தைக்கும் தங்கை இன்னொரு வகை. தைப்பது இருவரும் ஒரே கம்பெனியின் ஒரே மாடலாக இருக்கலாம்.

அடுத்தது தொழிலாளியின் நிலை பற்றிய கேள்வி. வேலையளிப்பவர், ஊழியர், தனித்து உழைப்பவர், குடும்பத் தொழிலாளி என்று 2011 படிவத்தில் நான்கு விடைகள் இருந்தன. வீட்டில் பீஸ் வேலை செய்கிறவர் 'தனித்து உழைப்பவர்' ஆகிவிடுகிறார். அப்படி எழுதிய நிமிடமே அவருக்கு முதலாளி யாரும் இல்லை என்று அரசு ஏடு சொல்லிவிடுகிறது. தோல் அவருடையதல்ல, அளவு அவர் வைப்பதல்ல, விலையும் அவர் சொல்வதல்ல. இப்படிப்பட்டவர்களுக்கென்றே, சார்ந்திருக்கும் ஒப்பந்ததாரர் என்ற தனி வகையை உலகத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு 2018-இல் ஏற்றது. அதற்கும் முன்பே, 1996-இல் நிறைவேறிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆம் உடன்படிக்கை, தொழிலாளர் புள்ளிவிவரங்களில் வீட்டு உழைப்பைச் சேர்க்க வேண்டும் என்று தன் 6-ஆம் பிரிவில் கூறுகிறது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை. என்றாலும் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வீடுசார் தொழிலாளி யார் என்று வரையறுத்துள்ளது; 21.11.2025 முதல் அது நடைமுறையிலும் உள்ளது. சட்டம் அறிந்திருக்கும் ஆளைக் கணக்கெடுப்பும் அறிந்துகொள்ளட்டும் என்கிறோம்.

எண்ணிக்கை கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த வட்டாரமே சாட்சி. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 28.08.1996 அன்று தீர்ப்பளித்தது. அதன் வழியே அமைந்த சூழலியல் இழப்பீட்டு ஆணையம் 2001-இல், பாதிக்கப்பட்டோர் 29,193 பேர் என்று ஆள் ஆளாக அடையாளம் கண்டு, இழப்பீட்டை 547 டேனரிகளிடம் வசூலிக்கச் சொன்னது. நிலத்துக்குச் சிட்டா இருந்தது, அடங்கல் இருந்தது. அதனால் பட்டியல் போட முடிந்தது. அதே டேனரிகளுக்குள் நின்று வேலை செய்தவர்களுக்கு அப்படி ஓர் ஏடு இருந்ததில்லை. தமிழ்நாடு அரசின் காலணி மற்றும் தோல் பொருட்கள் கொள்கை 2022, இரண்டு லட்சம் பேருக்கு வேலை என்று இலக்கு வைத்தது. இப்போது எத்தனை பேர் என்று தெரியாமல், கூடியது எத்தனை என்று எதை வைத்துச் சொல்வது?

இனி எங்கள் கோரிக்கைகள். முதலில் சொல்வது தங்கள் கையிலேயே இருப்பது.

கணக்கெடுப்பாளர் பயிற்சி மாவட்டத்தில்தான் நடக்கிறது. அங்கே ஆம்பூர், வாணியம்பாடி நகராட்சிகளுக்கும் மாதனூர், ஆலங்காயம் ஒன்றியங்களுக்கும் வரும் ஆசிரியர்களுக்குத் தோல் தொழில் பற்றி ஒரு தனி அமர்வு வேண்டும். "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "ஷூ தைக்கிறீங்களா, பீஸ் வேலை எடுக்கிறீங்களா, போன வருஷம் எத்தனை மாசம் மூட்டை வந்துச்சு?" என்று அந்தப் பெண்ணிடமே கேட்க வேண்டும். உருது பேசும் தெருக்களுக்கு உருது தெரிந்தவரை, இயன்றவரை பெண் ஆசிரியரை, அனுப்ப வேண்டும். இம்முறை குடும்பங்கள் தாங்களே இணையத்தில் விவரம் பதியும் வசதியும் வருகிறது. பெரும்பாலும் வீட்டு ஆண்தான் செல்போனில் நிரப்புவார் என்பதால், அந்தப் பக்கத்தில் வீட்டிலிருந்து செய்யும் கூலி வேலையும் வேலையே என்று தமிழிலும் உருதுவிலும் ஒரு குறிப்பு இடம்பெற இயக்குநரகத்துக்குத் தாங்கள் எழுத வேண்டும்.

பெண்கள் வாய் திறக்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. சம்பாதிக்கிறேன் என்று சொன்னால் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் நின்றுவிடுமோ, ரேஷன் அட்டையில் கை வைப்பார்களோ என்ற பயம் இருக்கிறது. ஏஜென்ட் மூட்டை போடுவதை நிறுத்திவிடுவாரோ என்ற பயம் அதைவிடப் பெரிது. 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி தனிநபர் விவரங்களை யாரும் பார்வையிட முடியாது. சாட்சியமாகவும் பயன்படுத்த முடியாது. இதைத் தங்கள் கையெழுத்துடன் ஒரு துண்டறிக்கையாக அச்சிட்டுத் தந்தால் வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

இரண்டாவது கோரிக்கை அட்டவணை பற்றியது. இயக்குநரகத்துக்குத் தங்கள் பரிந்துரையுடன் போக வேண்டியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை நகராட்சிகளுக்கும் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் 151, 152 என்ற இரு தொகுதிகளையாவது ஆண், பெண் வாரியாக, வேலை செய்யும் இடம் வாரியாக, வார்டு மற்றும் கிராம அளவில் தர வேண்டும். முன்னுதாரணம் இல்லாததைக் கேட்கவில்லை. 1961 கணக்கெடுப்பில் பி.கே.நம்பியார் பொறுப்பில் சென்னை மாநிலத்தில் கிராம ஆய்வு நூல்களும் கைத்தொழில் ஆய்வுகளும் தனித்தனியே வெளிவந்தன. கணினி இல்லாத காலத்தில் செய்தது இன்று முடியாததல்ல. இதோடு ஒன்று: ஓர் ஊரைக் கணக்கெடுப்பு நகரம் என்று வகைப்படுத்தும்போது, விவசாயமல்லாத வேலையில் முக்கால் பங்கு பேர் இருக்க வேண்டும் என்ற விதி ஆண் உழைப்பாளர்களை மட்டுமே பார்க்கிறது. ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஷூ தைத்தாலும் அந்தக் கணக்கில் பூஜ்யம்தான். இதை மாற்றுவது தங்கள் அதிகாரத்தில் இல்லை என்பது தெரிந்தும் எழுதுகிறோம். எங்காவது ஒரு கோப்பில் இது பதிவாகட்டும்.

மூன்றாவது, எல்லை. 1981-இல் வட ஆற்காடு, 1991-இல் வட ஆற்காடு அம்பேத்கர், 2001-லும் 2011-லும் வேலூர், 28.11.2019 முதல் மூன்று மாவட்டங்கள். இடையில் சோளிங்கர், கலவை, கே.வி.குப்பம் என்று புதுத் தாலுகாக்கள். ஆம்பூர் இங்கே, பேரணாம்பட்டு வேலூரில், மேல்விஷாரம் ராணிப்பேட்டையில் என்று ஒரே பாலாற்றங்கரைத் தொழில் மூன்று ஆட்சியர் அலுவலகங்களுக்குப் பிரிந்து போயிற்று. 2027 எண்கள் வந்தபின் 2011-உடன் ஒப்பிட வழி வேண்டுமென்றால், பழைய கிராம, வார்டு குறியீடு எது, புதியது எது என்ற ஒப்பீட்டுப் பட்டியலும், 2011 விவரங்களைப் புது எல்லைப்படி மறுபடி கூட்டிய அட்டவணையும் தேவை. எல்லைகள் 31.12.2025 உடன் உறைந்துவிட்டதால் இந்தப் பணியை இப்போதே தொடங்கலாம். மூன்று மாவட்டப் புள்ளியியல் அலுவலகங்களும் சேர்ந்து செய்ய வேண்டும்.

தொழிற்சாலைப் பக்கமும் ஒரு கவலை. ஆண்டுத் தொழில் ஆய்வு பதிவு பெற்ற தொழிற்சாலைகளை எடுத்துக்கொள்கிறது. மின்சாரத்துடன் 10 பேர் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த வரம்பைப் புதிய தொழிலாளர் தொகுப்பு 20 ஆக்கியிருக்கிறது. பத்துப் பதினைந்து பேர் மட்டும் தைக்கும் சின்ன யூனிட்டுகள் எங்கள் தெருக்களில் ஏராளம். ஆய்வும் புது வரம்பைப் பின்பற்றினால் அவை பட்டியலிலிருந்து விழுந்துவிடும். மறுபக்கம் சிறு தொழில்களையும் எண்ணும் பொருளாதாரக் கணக்கெடுப்போ, ஆறாவதற்குப் பிறகு முடிவு வெளியாகவில்லை; அந்த ஆறாவது நடந்தது 2013-இல். ஏழாவதற்காக 2019-இல் இருந்து வீடு வீடாகத் திரட்டியதில் எங்கள் மூன்று மாவட்டப் பகுதியையாவது வெளியிடும்படி மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்துக்கு மாநில அரசு எழுத வேண்டும்.

வெளி மாநிலத்தவரை மறந்துவிட்டுக் கணக்கு போடக் கூடாது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் உறக்கத்திலேயே இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள், டேனரிக்குள்ளேயே தங்கியிருந்தவர்கள். வீட்டுப் பட்டியல் எடுக்கும்போது தொழிற்சாலை வளாகம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாமல், உள்ளே யாரும் இரவு தங்குகிறார்களா என்று கேட்டுப் பதியச் சொல்ல வேண்டும். கணக்கெடுப்பாளர் உள்ளே நுழைய நிர்வாகம் தடை சொன்னால் தாசில்தார் தலையிட வேண்டும்.

கணக்கெடுப்புக்குக் காத்திருக்கத் தேவையில்லாதவையும் உண்டு. இ-ஷ்ரம் தளத்தில் 2021 ஆகஸ்ட் முதல் பதிந்தவர்கள் பணிக் குறியீட்டுடன் இருக்கிறார்கள். தோல் பதனிடுவோருக்கும் காலணி செய்வோருக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கான மாநில நலவாரியத்திலும் உறுப்பினர் பதிவேடு இருக்கிறது. பெயர், முகவரி எதுவும் வேண்டாம். ஒன்றியம், நகராட்சி வாரியாக மொத்த எண்ணிக்கையை மட்டும் ஆண்டுதோறும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி தாமாகவே வெளியிட வேண்டும். அந்த எண்கள் மாவட்டப் புள்ளியியல் கையேட்டில் தோல் தொழிலுக்கென ஒரு பக்கமாக, தமிழில் இடம்பெற வேண்டும். பக்கங்களைப் படம் பிடித்துப் போட்ட கோப்பாக இருந்தால் கூட்டவும் முடியாது, தேடவும் முடியாது. கணினியில் கூட்டிக் கழிக்கக்கூடிய அட்டவணையாகவே தர வேண்டும்.

இறுதியாக, இரண்டாம் கட்டக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில் தொடங்குமுன் ஒரு சிறு முன்னோட்டம் வேண்டும். ஆம்பூர் நகராட்சியில் ஒரு வார்டு, மாதனூர் ஒன்றியத்தில் ஒரு கிராமம் போதும். வழக்கமான கேள்விகளோடு ஒரு முறையும், மேலே நாங்கள் சொன்ன கேள்விகளோடு இன்னொரு முறையும் கேட்டு, இரண்டிலும் பதிவாகும் பெண் உழைப்பாளர் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எங்கள் சங்க உறுப்பினர்கள் தெரு காட்டவும் மொழிபெயர்க்கவும் உடன் வருவார்கள், பதிவேட்டைத் தொடமாட்டார்கள். இதற்கான நாளையும் பொறுப்பு அலுவலரையும் முடிவு செய்து எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இணைப்பு: உறுப்பினர்கள் கையொப்பம், கைரேகைத் தாள்கள், அப்பர் தையல் வேலையின் படிகளை விளக்கும் குறிப்பு, தமிழிலும் உருதுவிலும்.