95-க்கு மேல் போகக் கூடாது



இந்த இதழ் வேலைகளின் பாதி நாட்கள் எனக்கு ஒரு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்கு வெளியே கழிந்தன. என் தங்கை மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தை 1,350 கிராம். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினால் அதற்குள் அடங்கிவிடுவாள். மூக்கில் நூல்போல ஒரு குழாய், காலில் சிவப்பாக ஒளிரும் ஒரு பட்டை, தலைமாட்டில் எண்கள் ஓடும் திரை.

பாட்டியும் பெரிய பாட்டியுமாக நாங்கள் இருவரும் முறைவைத்து ஐந்து நிமிடம் உள்ளே போய்ப் பார்த்து வருவோம். ஒருநாள் நான் நிற்கும்போது அந்தத் திரை கூவ ஆரம்பித்தது. எண் 98. எனக்கு நிம்மதிதான் வந்தது, நூற்றுக்கு 98 ஆயிற்றே. சிஸ்டர் ஓடி வந்தார். வந்தவர் ஆக்சிஜன் அளவைக் கூட்டவில்லை, குறைத்தார். “95-க்கு மேல போகக் கூடாதும்மா. குறைஞ்சாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. கண்ணுக்கு ஆகாது” என்றார். அடுத்த குழந்தையிடம் போய்விட்டார்.

மூச்சுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். அந்தத் தேடல் என்னை 1950-ஆம் ஆண்டின் வாஷிங்டனுக்கு, ஒரு கண் மருத்துவரிடம் கொண்டுபோய் நிறுத்தியது. அவரைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களிடம் பேசப்போகிறேன்.

அவர் பெயர் ஆர்னல் பாட்ஸ். ஜார்ஜியா மாநிலத்தின் எல்பர்டன் என்ற சிற்றூரில் 1920-இல் பிறந்தவர். எமரி பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து, வாஷிங்டனில் ஏழை மக்களுக்கான காலிங்கர் நகராட்சி மருத்துவமனையில் கண் மருத்துவப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அப்போது குறைமாதக் குழந்தைகளிடையே ஒரு புதிய நோய் பரவிக்கொண்டிருந்தது. பிறக்கும்போது நன்றாக இருக்கும் கண்கள், சில வாரங்களில் பாவைக்குப் பின்னால் வெண்மையாகத் திரை கட்டி, பார்வையை முற்றிலும் இழந்துவிடும். 1942-இல் பாஸ்டனில் தியோடர் டெர்ரி என்ற மருத்துவர்தான் இதை முதலில் எழுதிவைத்தார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 குழந்தைகளின் கண்களை இது கொண்டுபோனது. 1950-இல் மிச்சிகனில் குறைமாதத்தில் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர்.

காரணம் யாருக்கும் புரியவில்லை. விட்டமின் குறைவு என்றார்கள், வெளிச்சம் என்றார்கள், இரும்புச்சத்து என்றார்கள். இதில் நெஞ்சைச் சுடும் ஒரு விஷயம், வசதி மிகுந்த நல்ல மருத்துவமனைகளில்தான் இந்த நோய் அதிகமாக இருந்தது. காற்றுக் கசியாத புதிய இன்குபேட்டர்களை வாங்கும் பணம் அவர்களிடம்தானே இருந்தது!

பாட்ஸ் பெரிய ஆய்வுக்கூடம் எதிலும் இருக்கவில்லை. வார்டில் நின்று, குழந்தையின் கண்ணைப் பார்த்துவிட்டுக் கட்டிலோரம் தொங்கும் குறிப்பேட்டையும் படித்தார். பார்வை போன குழந்தைகள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆக்சிஜனில் இருந்தவர்கள் என்பது அவருக்குத் தென்பட்டது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அந்தக் குழந்தைகள் அதைப்போல மூன்று மடங்கில் மிதந்துகொண்டிருந்தார்கள். உயிர் காக்கும் பொருளே கண்ணைக் கெடுக்கிறதா என்று கேட்க, முப்பது வயதை ஒட்டிய ஒரு பயிற்சி மருத்துவருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்!

கேட்டார். சோதித்துப் பார்க்க நிதி வேண்டும் என்று அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். ஆக்சிஜனைக் குறைத்தால் குழந்தைகள் செத்துப்போவார்களே என்று பயந்து மறுத்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த பயம் நியாயமான பயம். பாட்ஸ் தன் சகோதரரிடம் கடன் வாங்கினார். 1951 ஜனவரியில், லீராய் ஹூக் என்ற குழந்தை மருத்துவருடன் சேர்ந்து ஆய்வைத் தொடங்கினார். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு அன்றைய வழக்கப்படி 65 முதல் 70 சதவீத ஆக்சிஜன், நான்கிலிருந்து ஏழு வாரம் வரை. மறு பகுதிக்கு 40 சதவீதத்துக்கும் குறைவாக, அதுவும் தேவைப்பட்டால் மட்டும்.

இந்த இடத்தில்தான் அந்த வார்டின் நர்ஸுகள் வருகிறார்கள். அவர்களில் பலர் வயதானவர்கள். ஆக்சிஜன் இல்லாமல் நீலம்பாரித்துச் செத்த குழந்தைகளைத் தங்கள் கையாலேயே துணியில் சுற்றி அனுப்பியவர்கள். இந்தச் சின்ன டாக்டர் பாதிக் குழந்தைகளின் மூச்சை நிறுத்தப் பார்க்கிறார் என்றுதான் அவர்களுக்குப் பட்டது. பகலில் சொன்னபடி நடந்தார்கள். இரவில் டாக்டர்கள் போனபிறகு, குறைந்த ஆக்சிஜன் வரிசையில் இருந்த குழந்தைகளுக்கு ரகசியமாகத் திருகைத் திறந்துவிட்டார்கள். விடிந்ததும் மூடினார்கள்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த இருட்டில் திருகைத் திறந்த கையில் இருந்தது அன்பு. ஒரு பச்சைக் குழந்தையைச் சாகவிட மாட்டேன் என்ற தாயன்பு. அந்த அன்பே, தனக்குத் தெரியாமல், கண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. நானாக இருந்தாலும் திறந்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். அதிக ஆக்சிஜன் வரிசையில் படுத்திருந்த குழந்தைகளும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். அவர்களுக்குக் கிடைத்தது அன்று எல்லா ஊரிலும் தரப்பட்ட அதே சிகிச்சை என்பது உண்மை. ஆனாலும் அவர்களில் சிலர் பார்வையை இழந்தார்கள். அதைக் கண்ணால் கண்டு எழுதியவரும் பாட்ஸ்தான். நோயாளியைப் பார்ப்பதும் ஆராய்ச்சி செய்வதும் ஒரே மனிதருக்கு வாய்த்தால் அது எத்தகைய சுமை என்பதை நான் இங்கேதான் உணர்ந்தேன்.

பாட்ஸின் ஆய்வு முடிவைப் பார்த்தபின் அரசும் முன்வந்தது. 1953-இல் 18 மருத்துவமனைகள் சேர்ந்து எவரெட் கின்ஸி தலைமையில் பெரிய ஆய்வை நடத்தின. ஆக்சிஜன் தாராளமாகப் பெற்றவர்களில் 23 சதவீதம் பேருக்குக் கண்ணில் தழும்பு விழுந்தது. கட்டுப்படுத்தப்பட்டவர்களில் 7 சதவீதம். 1954-இல் முடிவு வெளியானதும் திருகுகள் மூடப்பட்டன, நோய் சட்டென்று அடங்கியது. 1956-இல் பாட்ஸுக்கும் கின்ஸிக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. வழங்கியவர் ஹெலன் கெல்லர்.

கதை இங்கேயே சுபமாக முடிந்திருந்தால் சிஸ்டர் “குறைஞ்சாலும் ஆபத்து” என்று சொல்லியிருக்க மாட்டார். அடுத்த ஆண்டுகளில் பல இடங்களில் ஆக்சிஜனை அளவுக்கு மீறி இறுக்கினார்கள். கண் தப்பியது, ஆனால் மூச்சுக்குத் திணறிச் சில குழந்தைகள் இறந்தார்கள், சிலருக்கு மூளை பாதிக்கப்பட்டது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று தோலுக்கு வெளியிலிருந்தே அளக்கும் கருவி வந்தபிறகுதான் நடுப்பாதை கிடைத்தது. எங்கள் குழந்தையின் காலில் ஒளிர்ந்த சிவப்புப் பட்டை அதுதான்.

பாட்ஸ் விருதோடு நிற்கவில்லை. பால்டிமோரில் தனியாக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே, ஜான்ஸ் ஹாப்கின்ஸின் வில்மர் கண் மருத்துவ நிலையத்தில் ஆராய்ச்சியையும் தொடர்ந்தார். ஆக்சிஜன் ஏன் கண்ணைக் கெடுக்கிறது என்பதைக் குட்டி விலங்குகளின் கண்களில் தேடினார். கருவில் இருக்கும்போது விழித்திரையின் ரத்தக்குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கொடிபோலப் படர்கின்றன. பத்தாம் மாதத்தில்தான் ஓரத்தைத் தொடும். முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு ஓரம் வெறுமையாக இருக்கும். அப்போது ஆக்சிஜன் மிகுந்தால் கொடி வளர்வது நிற்கிறது, இருக்கும் குழாய்களும் சுருங்கி அடைகின்றன. பிறகு விழித்திரை பசியெடுத்துக் கத்தும்போது, முறையில்லாத புதுக் குழாய்கள் கண்டபடி முளைக்கின்றன. அவை கசிந்து, தழும்பாகி, விழித்திரையையே பிய்த்து இழுக்கின்றன.

இதே காட்சியைத் தன்னிடம் வந்த பெரியவர்களின் கண்களிலும் அவர் கண்டார். நீண்டகாலச் சர்க்கரை நோயிலும் விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபட்டு, பசித்த இடங்களிலிருந்து முறையற்ற குழாய்கள் கிளம்புகின்றன. இன்குபேட்டரில் தொடங்கிய கேள்வி ஐம்பது வயதுக்காரரின் கண்ணுக்கு வந்து சேர்ந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பயன்முறை இயற்பியல் கூடத்துப் பொறியாளர்களோடு சேர்ந்து, விழித்திரைக்கான ஆர்கான் லேசர் கருவியை முதன்முதலில் உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1970-இல் வில்மரில் முழுநேரப் பணிக்கு வந்தார். பசியோடு கத்தும் ஓரங்களை லேசரால் சுட்டு அடக்கினால் நடுப்பார்வை பிழைக்கும் என்பதுதான் வழி. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, இந்தச் சிகிச்சை கடுமையான பார்வையிழப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று 1976-இல் காட்டியது. நம் வீடுகளில் “சுகருக்குக் கண்ல லேசர் வெச்சாங்க” என்கிறோமே, அதற்கு ஆதாரம் இதுதான்.

1979 முதல் பத்தாண்டுகள் வில்மரின் இயக்குநராக இருந்தார். 2004-இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் பெற்றார். 2010-இல் காலமானார்.

இவ்வளவையும் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த நோய் போய்விடவில்லை. முன்பு பிழைக்காத எடையில் பிறக்கும் குழந்தைகளை நம் மருத்துவமனைகள் இப்போது பிழைக்க வைக்கின்றன; அதனாலேயே ஆபத்தில் உள்ள கண்களும் கூடியிருக்கின்றன. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2,000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும் என்பது நம் நாட்டு வழிகாட்டுதல். இன்னும் சின்னக் குழந்தை என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்று இருக்கும், தாய்க்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு அனுப்பும் மகிழ்ச்சியில் இது விட்டுப்போகக்கூடும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ குறைமாதக் குழந்தை பிறந்திருந்தால், “விழித்திரை டாக்டர் பார்த்தாச்சா?” என்று தயவுசெய்து கேளுங்கள்.

எங்கள் குழந்தைக்கு 26-ஆம் நாள் பார்த்தார்கள். சொட்டு மருந்து விட்டு, நெற்றியில் விளக்குக் கருவி மாட்டிய இளம் மருத்துவர் குனிந்தபோது குழந்தை வீறிட்டது. என் தங்கை பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “பெரியம்மா, நீங்களாவது பாருங்க” என்று மகள் என் கையைப் பிடித்தாள். நான் பார்த்தேன். கொடி இன்னும் ஓரத்தைத் தொடவில்லையாம். ஆனால் ஒழுங்காகத்தான் படர்கிறதாம். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார், போய்வந்தோம். வரும் செவ்வாய்க்கிழமை மூன்றாம் முறை போகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்