பின்பனியும் அரைக் கிண்ணமும்

முதுமையைப் பற்றிப் புத்தி சொல்லுகிறவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் அல்லர். நாற்பது வயதில் நின்றுகொண்டு எழுபது வயதினருக்கு ஆகார நியமம் வகுப்பது மிகவும் சுலபமான காரியம். உபாத்தியாயர்களாகிய நமக்கு இந்தக் குற்றம் கைவந்த கலை. ஆகையால், எண்பது வயதைத் தாண்டிய ஒருவர், பிற்காலத்தை எப்படிக் கழிப்பது என்று தம் சொந்த அநுபவத்திலிருந்து எழுதிய புத்தகம் கைக்கு வந்ததும், சென்ற விடுமுறையில் அதைச் சற்றுப் பணிவுடனேயே படித்தோம்.

அவர் பெயர் கைபரா எக்கென். ஜப்பானில், கியூஷூ தீவிலுள்ள புகுவோகாவில் 1630-ம் வருஷம் பிறந்தவர். வைத்தியமும் கன்பூஷியஸ் மதத்துச் சாஸ்திரங்களும் கற்றவர். தம் நாட்டுச் செடி கொடிகளையும் பிராணிகளையும் பற்றி 1709-ல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அதன் பிறகு, 1713-ல், 'யோஜோகுன்' என்ற ஆரோக்கிய நூல் வந்தது. பண்டிதர்களின் சீன பாஷையை விட்டு, சாதாரணக் குடும்பத்தார் படிக்கக்கூடிய எளிய ஜப்பானிய நடையில் அதை எழுதினார். முந்நூறு வருஷங்களுக்குப் பிறகும் அந்நாட்டில் அது அச்சாகிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எக்கென் பயில்வான் அல்லர். பிறந்தது முதல் நோஞ்சான் உடம்பு. நல்ல உடம்பு படைத்தவன் அதை நம்பி அழிக்கிறான் என்றும், பலவீனன் பயந்து பயந்து காப்பாற்றிக்கொள்கிறான் என்றும் அவர் கருதினார். கடனாளி வீட்டுச் செலவைப் போல அவர் தமது பலத்தைக் கணக்குப் பார்த்துச் செலவு செய்திருக்கிறார்.

வசந்தம் என்றதும் நமக்குப் பூவும் தென்றலும் நினைவுக்கு வரும். எக்கெனுக்கோ போர்வை நினைவுக்கு வருகிறது! குளிர் காலம் முழுவதும் மூடிக் கிடந்த தேகம் இளவேனில் பிறந்ததும் இளகித் திறக்கிறது, ஆனால் குளிர் இன்னும் விடைபெற்றுப் போய்விடவில்லை, வாசற்படியிலேதான் நிற்கிறது. அசட்டையாக இருப்பவனிடம் ஜலதோஷமாகவும் இருமலாகவும் உள்ளே நுழைந்துவிடுகிறது. புதிதாக விட்ட தளிர்கூட இந்தப் பின்பனியில்தானே கருகுகிறது என்று அவர் ஞாபகப்படுத்துகிறார். செர்ரி மரங்கள் பூத்துக் குலுங்கும் நாட்களில் திடீரென்று திரும்பி வரும் குளிருக்கு ஜப்பானியர் 'ஹனாபியே' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். பூக்காலத்துக் குளிர் என்று அதற்குப் பொருள்.

தேகம் 'திறக்கிறது' என்ற அவருடைய சாஸ்திரத்தை இன்றைய வைத்தியர் ஒப்புக்கொள்ள மாட்டார். எனினும், முடிவு தவறு அன்று. வயது ஏற ஏறக் குளிரை உணரும் சக்தி மந்தமாகிறது. நடுக்கம் எடுத்து உடம்பு தன்னைச் சூடேற்றிக்கொள்வதும் குறைகிறது. தோலின் அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கி உஷ்ணத்தைக் காப்பாற்றுவதும் இல்லை. அதனால் கிழவருக்குக் குளிர் ஏறிய பிறகும் குளிர்வதாகத் தோன்றுவதில்லை. "எனக்கு ஒன்றுமில்லை, சால்வையை உள்ளே கொண்டு போ" என்கிறாரே, அது பிடிவாதம் என்றுதான் நாம் எண்ணுகிறோம். அவர் உண்மையைத்தான் சொல்லுகிறார். அவருடைய தோல்தான் அவரிடம் பொய் சொல்லியிருக்கிறது.

இனி, குடியைப் பற்றி. இந்தப் பகுதியில் அந்தப் பேச்சு வரலாமா என்று சில நேயர்கள் முகம் சுளிக்கக்கூடும். நாம் அதைத் தொட்டவர்கள் அல்லோம். தொடும் உத்தேசமும் இல்லை. ஆனால் எக்கென் அதைப் பற்றி எழுதியிருப்பதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதுவது நாணயமாகாது.

அரிசியிலிருந்து இறக்கும் 'சாக்கே' என்ற மதுவை அவர் தேவர்கள் அளித்த கொடையாகவே பாராட்டுகிறார். ஆனால் எத்தனை நிபந்தனைகள்! வெறும் வயிற்றில் கூடாது. உணவுக்குப் பிறகே அருந்த வேண்டும். கோடையானாலும் குளிர் காலமானாலும் வெதுவெதுப்பாக்கியே குடிக்க வேண்டும். முகத்தில் இலேசான மலர்ச்சி தோன்றும்போதே கிண்ணத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். பூ பாதி விரிந்திருக்கும்போதுதான் அழகு என்பது போல அதற்கும் பாதிதான் அழகாம். விருந்துக்கு அழைத்தவர் விருந்தாளியை வற்புறுத்திக் குடிக்க வைப்பது மரியாதையன்று என்று அவர் கண்டித்திருப்பது நமக்கு மிகவும் பிடித்தது. வற்புறுத்தல் நம் பந்திகளிலும் உண்டு. அங்கே நெய்யும் ஜாங்கிரியும் வருகின்றன, அவ்வளவே வித்தியாசம்.

எக்கெனுடைய பாதிக் கிண்ணத்தை இன்றைய விஞ்ஞானம் இன்னும் குறைத்துவிட்டது. கொஞ்சம் குடித்தால் நல்லது என்ற நம்பிக்கை நம் காலத்திலும் வெகு நாள் உலாவிற்று. குடியாதவர்கள் என்று எண்ணப்பட்டவர்களில் வியாதி வந்து குடியை விட்டவர்களும் கலந்திருந்தார்கள் என்பது பிறகு வெளியாயிற்று. அவர்களோடு ஒப்பிட்டால் கொஞ்சமாகக் குடிப்பவன் ஆரோக்கியசாலியாகத்தானே தோன்றுவான்! மதுவில் அபாயமற்ற அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் தெரிவித்தது. எக்கெனுடைய ஜப்பானிலேயே சுகாதார மந்திரி இலாகா 2024 பிப்ரவரியில் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு, வயதானவர்கள் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எச்சரித்தது. காரணம் எளிது. முதுமையில் தேகத்திலுள்ள நீரின் அளவு குறைகிறது; ஆகவே இளமையில் குடித்த அதே கிண்ணம் இரத்தத்தில் அதிகமாக ஏறுகிறது. மாத்திரைகளோடு சண்டையிடுகிறது, இரவில் எழுந்து நடக்கும்போது காலை வாரி விடுகிறது.

இதில் நாம் கவனித்த வேடிக்கை ஒன்று. மது அருந்தியவனுக்கு உடம்பு கதகதப்பாக இருப்பதாகத் தோன்றும். உண்மையில் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளே இருக்கும் உஷ்ணம் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. பின்பனிக் காலத்தில் சால்வையை உதறுகிறவரும் இவரும் ஒரே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். சுகமாக இருக்கிறது என்று தேகம் சொல்லும் சமயத்தில்தான் எக்கென் விழித்துக்கொள்ளச் சொல்லுகிறார். புயலுக்கும் கடுங்குளிருக்கும் எவனும் பயப்படுவான். இதமான நாளிலும் இலேசான மயக்கத்திலும் அல்லவா பயப்படக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது!

புத்தகத்தின் கடைசிப் பகுதிக்கு வந்தபோது நமக்கே சங்கடமாகிவிட்டது. பெற்றோருக்கு ஆகாரமும் உடையும் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணாதே என்கிறார் அவர். முதியவர்களுக்குத் தனிமை பொறுக்காது; அடிக்கடி அருகில் போய் உட்கார்ந்து, பழைய நாட்களைப் பற்றிப் பேச்சுக் கொடுக்க வேண்டும். பெண்டு பிள்ளைகளோடும் சிநேகிதர்களோடும் சிரித்துப் பேசுகிறவன், பெற்றோரிடம் மட்டும் வாய் திறவாதிருப்பதை அவர் கடிந்துகொள்கிறார். முதுமையில் காலம் பத்து மடங்கு வேகமாக ஓடுவதால், ஒரு நாளைப் பத்து நாளாக மதித்துச் சந்தோஷமாகக் கழிக்க வேண்டும் என்பதும் அவர் வாக்கு. அதை எழுதிய சில மாதங்களில் அவருடைய மனைவி காலமானார். 1714-ல் அவரும் போய்ச் சேர்ந்தார். அந்தக் கடைசி வருஷத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. தாம் ஆயுள் முழுவதும் குருவாகப் போற்றிய சூ ஷீ என்ற சீன ஞானியின் கொள்கைகளில் தமக்குள்ள சந்தேகங்களை ஒரு நூலாக எழுதி முடித்தார்.

நம் வீட்டுக் கூடத்தில் தகப்பனார் தினந்தோறும் விடியற்காலையில் காலண்டர் தாளைக் கிழிப்பார். அதைக் கசக்கி எறிவதில்லை. மடித்துத் தலையணையின் கீழ் வைத்துக்கொள்வார். ஏன் என்று நாம் இத்தனை வருஷமாகக் கேட்டதில்லை. சாயங்காலங்களில் அவர் திண்ணையிலும், நாம் உள்ளே பிள்ளைகளின் கட்டுரை நோட்டுக்களோடும் இருப்பதுதான் வழக்கம்.

அன்று நோட்டுக்களை வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போனோம். "என்னடா, உடம்பு சரியில்லையா?" என்றார். ஒன்றும் இல்லை என்று சொல்லி, ஜப்பானியக் கிழவரின் கதையை ஆரம்பித்தோம். பின்பனியைப் பற்றிச் சொன்னபோது தலையை ஆட்டினார். மதுவைப் பற்றிச் சொன்னபோது, "சிவ சிவா!" என்றார். 83 வயதிலும் எக்கெனுக்கு ஒரு பல்கூட விழவில்லையாம், இரவில் விளக்கை வைத்துக்கொண்டு சிறு எழுத்துக்களைப் படித்தாராம் என்று சொன்னதும், நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு பல்கூடவா? சுத்தப் புளுகு!" என்றார். பிறகு, தமது முதல் பல் எந்தக் கலியாணத்தில், எந்தச் சீடையைக் கடித்தபோது போயிற்று என்று சொல்லத் தொடங்கினார். அந்தக் கதை முடியும்போது தெரு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உள்ளே போய்ச் சால்வையை எடுத்து வந்தோம்.