சாதிக்கும் ஒரு வட்டி விகிதம் உண்டு

சிக்கனமாக இரு, சேமி, கடனைச் சீக்கிரம் அடை. யூடியூபைத் திறந்தால் இந்த அறிவுரையைச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். கடையில் குடிக்கும் காபியை நிறுத்தினால் இருபது வருடத்தில் எவ்வளவு சேரும் என்று அட்டவணை போட்டுக் காட்டுகிறார்கள். அறிவுரை தவறில்லை. ஆனால் அந்த அட்டவணையில் சாதி என்று ஒரு கட்டம் இல்லை. சோமனூரில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு அருந்ததியர் குடும்பத்தின் கணக்கை வைத்து அந்தக் கட்டத்தை நிரப்பிப் பார்க்கிறேன்.

நான் ஒரு நூல் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். என் இணையர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 34,000 ரூபாய். வீட்டுக் கடன் 10 லட்சம், 20 வருடம், 14 சதவீத வட்டி. மாதத் தவணை 12,435 ரூபாய். மிச்சத்தில் நான்கு பேர் வாழ்கிறோம். ரேஷன் அரிசியும் துவரம்பருப்பும் இருப்பதால் வாரத்தில் மூன்று நாள் ராத்திரிக்கு அரிசிம்பருப்புதான். பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். வண்டி ஒன்றே ஒன்று.

ஏன் 14 சதவீதம்? அரசு வங்கியில் 9 சதவீதத்துக்குக் கிடைக்காதா? கிடைத்திருந்தால் இதே கடனுக்குத் தவணை 8,997 ரூபாய்தான். மாதம் 3,438 ரூபாய் வித்தியாசம். 20 வருடத்துக்குக் கூட்டினால் 8 லட்சத்து 25 ஆயிரம். எந்தக் காபியை நிறுத்தி இதைச் சேமிப்பது?

அந்த 5 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஆதிதிராவிடர் நலத்துறை வழியாகக் கொடுக்கப்பட்ட இலவச மனைப்பட்டாக்கள் பலவும், விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தவை. நிலம் கைமாறிப் போய்விடக் கூடாது என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் அடமானம் என்று வரும்போது அதே நிபந்தனை வங்கியின் கண்ணில் குறையாகிவிடுகிறது. எங்கள் தாத்தா பெயரில் இருக்கும் காலனி மனைக்குக் கடன் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் வெளியே மனை வாங்க வேண்டும். வெளியே போனால் விலை பேசுவதற்கு முன்பே "நீங்க எந்தப் பக்கம்?" என்ற கேள்வி வருகிறது. ஊர் பெயரைக் கேட்கிறார்கள், தெருப் பெயரைக் கேட்கிறார்கள், அப்பா பெயரைக் கேட்கிறார்கள். பிறகு "மனை முடிஞ்சு போச்சுங்க" என்கிறார்கள். ஒருவழியாகக் கிடைத்த மனைக்கும் தாய்ப்பத்திரத்தில் சிக்கல். வங்கி கைவிரித்தது, தனியார் நிதி நிறுவனம் 14 சதவீதத்துக்குக் கொடுத்தது. எங்கேயும் யாரும் சாதிப் பெயர் சொல்லித் திட்டவில்லை. எல்லாம் காகிதத்தில் முறையாகத்தான் நடந்தது.

1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க வழிவகுத்த செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீரின் அறிக்கையும் அடிப்படையில் இதைத்தான் பேசியது. நிலம் இல்லாதவனுக்குக் குடியிருக்கும் இடமும் அடுத்தவன் தயவில்தான். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் சொல் போனால் மட்டும் போதாது. அந்த மனைகளுக்கு வங்கி மதிக்கும் பத்திரம் வர வேண்டும்.

சேமிப்பு என்ற சொல்லை எங்களுக்கு எதிராகவே திருப்பிய வரலாறும் இந்த வட்டாரத்துக்கு உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. மூன்று வருடம் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, அது கல்யாணச் செலவுக்கு ஆகும் என்றார்கள். போனவர்களில் கணிசமானோர் தலித் பெண்கள். மாதச் சம்பளத்தில் பிடித்ததைத்தான் சேமிப்பு என்று பெயர் சூட்டிக் கொடுத்தார்கள். நடுவில் உடம்பு முடியாமல் வந்துவிட்டால் அந்தத் தொகை கைக்கு வராது. தறிப்பட்டறைகளிலும் முன்பணம் வாங்கியவர் அதை அடைக்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல்.

அதனால்தான் சிக்கனம் என்று யாராவது சொன்னால், யாருடைய கணக்கில், யாருக்காக என்று முதலில் கேட்கச் சொல்கிறேன்.

வீட்டுக்குள்ளும் இதே கேள்வி உண்டு. அம்பேத்கர் நியூயார்க்கிலும் லண்டனிலும் வயிற்றைக் கட்டிப் படித்தார் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த வருடங்களில் பம்பாயில் வறுமையோடு குடும்பத்தை நடத்திய ரமாபாய், 1935இல் நோயில் இறந்துபோனார். நம் வீடுகளில் தவணை கட்டுவதற்காக யார் கடைசியில் சாப்பிடுகிறார், யாருடைய மாத்திரை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகிறது, யாருடைய தோடு அடகுக்குப் போகிறது? மூன்றுக்கும் ஒரே ஆள்தான் பதில் என்றால் அதற்குப் பெயர் சிக்கனம் இல்லை, சுரண்டல். எங்கள் வீட்டில் கணக்கு நோட்டு இருவர் கையிலும் இருக்கிறது. மனைப் பத்திரம் இருவர் பெயரிலும் இருக்கிறது.

அப்படியானால் எதைக் குறைப்பது? இதற்குப் பக்கத்து ஊர் ஈரோட்டுக்காரரிடம் பதில் இருக்கிறது. பெரியாரின் சிக்கனத்தைக் கஞ்சத்தனம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. தன்னோடு புகைப்படம் எடுத்துக்கொள்ளக்கூடக் காசு வாங்கினார். அந்தக் காசெல்லாம் இயக்கத்துக்குப் போனது. சுயமரியாதைத் திருமணத்தில் அவர் புரோகிதரை மட்டும் நீக்கவில்லை, ஆடம்பரச் செலவையும் நீக்கச் சொன்னார். 1967இல் அண்ணா அரசு அதைச் சட்டமாக்கியது. இன்றைக்கும் நம் குடும்பங்களைக் கடனில் தள்ளுவது தினப்படிச் செலவு அல்ல. சீர், காதுகுத்து, கடாவெட்டு, ஊரார் முன்னால் குறைந்துவிடக் கூடாது என்று வாங்கும் மீட்டர் வட்டி. சாதி கேட்கும் இந்தச் செலவை நிறுத்தினால் இரட்டை லாபம். எங்கள் வீட்டில் அதை நிறுத்திவிட்டோம். புத்தகம், பிள்ளைகளின் முட்டை, சங்கச் சந்தா மூன்றிலும் கைவைப்பதில்லை.

இளம் தோழர்களுக்கு நடைமுறையாகவும் சில சொல்ல வேண்டும். என் கடனில் மாதம் 1,000 ரூபாய் கூடுதலாக அசலில் கட்டினால் 240 மாதம் ஏறக்குறைய 175 மாதமாகக் குறைகிறது. மிச்சமாகும் வட்டி 6 லட்சத்துக்கு மேல். மிதக்கும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கேட்கக் கூடாது. கடன் முடிந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதம் அவர்கள் தவறென்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இவை ரிசர்வ் வங்கியின் விதிகள். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கடன் வாராக்கடன் ஆகும். அதன்பிறகு 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பலாம், கட்டாவிட்டால் வீட்டைக் கையகப்படுத்தலாம். ஆகவே மூன்று தவணைக்கான பணம் கையிருப்பில் இல்லாமல் முன்கூட்டி அடைக்க அவசரப்பட வேண்டாம்.

சோமனூரில் அந்தக் கையிருப்பு இன்னும் அவசியம். 2014 ஒப்பந்தத்துக்குப் பிறகு கூலி நெசவுக்கு அடுத்த உயர்வு அறிவிக்கப்பட 2021 நவம்பர் ஆனது. அதை அமல்படுத்தச் சொல்லி 2022 ஜனவரியில் விசைத்தறிகளை நிறுத்த வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில் மறுபடியும் நிறுத்தம். தறி நின்றால் தறி ஓட்டுபவர் வீட்டில் மட்டுமல்ல, நூல் கடையில், டீக்கடையில், மளிகையில் எல்லாம் வருமானம் நிற்கிறது. தவணைத் தேதி மட்டும் நிற்பதில்லை. கூலி உயராத ஊரில் சேமிப்பு பற்றிய உபதேசம் பாதிப் பேச்சுதான்.

என் கடனை நான் எப்படியும் அடைத்துவிடுவேன். ஆனால் அடுத்து கடன் கேட்டுப் போகும் காலனிப் பிள்ளைக்கு 9 சதவீதத்தில் கிடைக்க வேண்டும். அதற்கு நிபந்தனைப் பட்டாக்களை அடமானத்துக்கு ஏற்கும்படி அரசாணை வேண்டும், அரசு வங்கிகள் வீட்டுக் கடனை எந்தத் தெருக்களுக்குக் கொடுத்தன, எந்தத் தெருக்களுக்கு மறுத்தன என்ற கணக்கு வெளியே வர வேண்டும். குறைக்க வேண்டியதை நாங்கள் குறைத்துவிட்டோம். மாதம் 3,438 ரூபாய், அது அரசும் வங்கியும் குறைக்க வேண்டியது.